உங்கள் வீட்டுத் தண்ணீர்

சுற்றுலாவில் கடைசி நாள் என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது நெடுநாளாக என் கட்சி. முந்தின நாள் இரவே எல்லோரையும் ரயிலேற்றி அனுப்பிவிட வேண்டும். கடைசி நாளில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஈரத் துண்டை எந்தப் பையில் திணிப்பது, இரண்டாவது முறை டீசல் போட்டது யார், அவனுக்கு யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதிலேயே பாதி நாள் போய்விடும். மீதிப் பாதியில் வீட்டிலிருந்து போன் வரும். ஆளுக்கொரு மூலையில் நின்று "இதோ, கிளம்பிவிட்டோம்" என்று பொய் சொல்லிக்கொண்டிருப்போம். இப்படியொரு நாளில் கோயில் கோபுரமும் சரி, மலை முகடும் சரி, கண்ணில் பட்டாலும் மனத்தில் பதியாது. ஆனால் கொங்கு நாட்டில் நண்பர்களோடு சுற்றிய இந்தப் பயணத்தின் கடைசி நாளில், கிணற்றடியில் ஒரு பெரியவர் சொன்ன ஒற்றை வாக்கியம் மாதக்கணக்காக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று தவறாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டும் பொருந்துகின்றன.

கோவையில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். நான் ஈரோட்டுக்காரன். ஒருவன் திருப்பூர். இன்னொருவன் சென்னிமலைக்குத் தெற்கே நொய்யல் கரையில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மதுரைக்காரன் ஒருவன், சென்னைக்காரன் ஒருவன். பெயர்கள் இங்கே வேண்டாம். விடுதியிலும் நாங்கள் ஊர் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டோம். வெளியூர்க்காரர்கள் இருவருக்கும் எங்கள் பக்கத்தைச் சுற்றிக்காட்டுவதாகப் பல வருடங்களாகச் சொல்லிவந்தது ஒருவழியாக நடந்தது.

முதல் நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் அவை நன்றாக இருந்தன. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினோம். பவானிசாகரில் மண்ணைக் கொட்டி எழுப்பிய அணையின் நீளத்தைப் பார்த்து மதுரைக்காரன் வாயடைத்துப் போனான். கொடிவேரியில் குளித்தோம், பொரித்த மீனைத் தின்றோம், பரிசலில் ஏறினோம். அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களைப் பற்றி நான் பேசியதை யாரும் கேட்கவில்லை. பவானி கூடுதுறையில் ஆளுக்கொரு ஜமக்காளம் வாங்கினோம். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இன்றும் வயலுக்குப் பாய்கிறது என்றதும் சென்னைக்காரன் சிரித்தான். "உங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரைக் கண்டால் சும்மா விடமாட்டீர்களா? தடுக்கிறீர்கள், திருப்புகிறீர்கள், நூறு மைல் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்." நொய்யல்காரன் அதுவரை பேசாமல் வந்தவன், "அப்படியானால் நாளைக்கு எங்கள் ஊர் அணையையும் பார்த்துவிடு" என்றான்.

மறுநாளுக்கென்று எங்களிடம் பெரிய திட்டமில்லை. காலையில் சென்னிமலை, மாலையில் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன், இரவு அங்கிருந்தே ரயில். நடுவில் ஒரு பகல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததால்தான் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மதகு திறந்தே கிடக்கும் அணை

சென்னிமலையில் 1,320 படிகளை ஏறுவதாகச் சபதம் செய்திருந்தவர்கள், மலைப்பாதையில் கார் போகும் என்று தெரிந்ததும் சபதத்தை மறந்தார்கள். அடிவாரத்திலிருந்து அபிஷேகத் தண்ணீரைக் காளை சுமந்துகொண்டு படியேறும் கோயில் அது. இறங்கும்போது கொடுமணல் பக்கமாகப் போகச் சொன்னேன். பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுதான் என்பார்கள். கல்மணி அறுத்து, துளையிட்டு, பட்டை தீட்டி அனுப்பிய ஊர். இரும்பு உருக்கிய ஊர். அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவதால் போகிறவர்கள் பார்ப்பதற்கு மேடும் சோளக்காடும்தான் மிஞ்சும். சென்னைக்காரன் ஏமாந்து போனான். திருப்பூர்க்காரனுக்கோ ஒரே குஷி. "பார்த்தாயா, இந்த ஆற்றங்கரைக்கு ஏற்றுமதி புதிதில்லை" என்று மண்ணைக் கிளறி ஏதாவது மணி கிடைக்குமா என்று தேடினான். அவன் அன்று அவ்வளவு உற்சாகமாக இருந்ததை நினைத்துப் பார்க்கும்போதுதான் பிறகு நடந்தது எனக்கு உறுத்துகிறது.

ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகிறவர்கள் சுற்றுலாப் பயணிகளாக இருக்க வாய்ப்பில்லை. நாங்கள் போனபோது டிக்கெட் கிழிப்பவர் இல்லை, பொரிகடலை விற்பவர் இல்லை. நீளமான கரை, வரிசையாக மதகுகள், எல்லாம் முறைப்படி இருந்தன. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. வந்தது வந்தபடி கறுப்பாக, மெலிதாக, மதகு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. மதுரைக்காரன் வைகையைப் பார்த்து வளர்ந்தவன். வறண்ட ஆறு அவனுக்கு அதிசயமில்லை. ஆனால் ஓடுகிற தண்ணீரை நிறுத்தாத அணை அவனுக்குப் புரியவில்லை. "கதவைச் சாத்தினால் நிரம்புமே, ஏன் சாத்தவில்லை?" என்றான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நொய்யல்காரன். அவன் வாயைத் திறக்கவில்லை. திருப்பூர்க்காரன்தான் ஆரம்பித்தான், அதுவும் வகுப்பெடுக்கிறவன் போல. பருத்திக்குச் சாயம் ஏற்ற வேண்டுமானால் உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த நூலும் சாயமும் ஒரே மின்தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நெருங்கும். அதன் பிறகு சோடா போட்டு அதை நிலைக்கச் செய்ய வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, போட்ட உப்பு துணிக்குள் போவதில்லை. சாயத்தை நெருங்க வைத்துவிட்டு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கழிவுநீரில் உள்ள நிறத்தைச் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுப் பெருமளவு படியவைத்துவிடலாம். ஆரம்ப காலச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. தண்ணீர் தெளிவாகத் தெரியும். உப்பு மட்டும் ஒரு சிட்டிகையும் குறையாமல் உள்ளேயே இருக்கும். "கண்ணுக்குத் தெரிகிற குற்றத்தை எடுத்துவிட்டோம், தெரியாத குற்றம் ஆற்றோடு போயிற்று" என்றான். நான் அவனை அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை.

1992-இல் பாசனத்துக்காகத் திறந்த அணை இது. 1980-களில் வேகம் பிடித்த ஏற்றுமதி அதற்குள் திருப்பூரைத் தலைகீழாக மாற்றியிருந்தது. மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைக்கக் கட்டிய இடத்தில் சாயக்கழிவு தேங்கியது. அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். தண்ணீர் கேட்டுப் போராடுகிற விவசாயிகளைத்தான் நாடு பார்த்திருக்கிறது; எங்களுக்குத் தண்ணீர் விடாதீர்கள், அணையில் நிறுத்தவும் செய்யாதீர்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இவர்கள்தான். 2006-இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உத்தரவு வந்தது. இப்போது கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் பிரித்து மறுபடியும் பட்டறைக்கே கொண்டுபோகிறார்கள். இவ்வளவும் எங்கள் பக்கத்தில் நாளிதழ் படிக்கிற யாருக்கும் தெரியும். எங்கள் ஐவரில் மூவருக்கு இன்னொன்றும் தெரியும். 2011-இல் மூடிய பட்டறைகளில் ஒன்று திருப்பூர்க்காரனின் அப்பாவுடையது. சலித்துப்போன மானாவாரிக் காட்டை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய், கூலிக்கு நின்று, சீட்டு எடுத்து, துணிக்குச் சாயம் ஏற்றும் விஞ்ச் மெஷின் இரண்டு போட்டவர் அவர். மெஷின்கள் எடைக்குப் போயின. நொய்யல்காரனின் தோப்பு இந்த அணையிலிருந்து கூப்பிடு தூரம். விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் இருவரும். இதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மூன்றாவது ஆளாகிய நானும் பேசியதில்லை. கேட்டால், நட்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்லியிருப்போம்.

கிணற்றடி

மதியச் சாப்பாடு நொய்யல்காரன் வீட்டில். அரிசிம்பருப்பு, மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய், கட்டித் தயிர். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். கேன் எங்கும் வந்துவிட்டதால் வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கிணறு, ஒரு போர்வெல் இருக்கிற தோட்டத்தில் கேன் வாங்குகிறார்கள் என்பதைத் திருப்பூர்க்காரன் கவனித்தான். கை கழுவியவன் காருக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் பேனா மாதிரி ஒன்று இருந்தது. சாயத் தொழிலில் இருக்கிறவர்கள் பலர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர். அப்பாவின் பட்டறை போன பிறகு அவன் சாயம் ஏற்றிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மீட்டர் காரிலேயே கிடக்கும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தோப்புக்குள் போய், கிணற்றடித் தொட்டியில் அதை நனைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்கு ஏற்ப மின்சாரம் பாயும். மீட்டர் அதை எண்ணாக மாற்றிக் காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய நிர்ணயம்.

நொய்யல்காரனின் ஐயன், எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம், பின்னாலேயே வந்தார். எழுபதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "எவ்வளவுங்க தம்பி?" என்றார். நான்கு இலக்க எண் ஒன்றை இவன் சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முன்பெல்லாம் எவ்வளவு இருந்தது, எந்த வருடம் மாடு வாய் வைக்கவில்லை, எந்த வருடம் இளநீரே கரித்தது, எந்த மழைக்குப் பிறகு இறங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சர்க்கரை நோயாளிகள் ரத்தப் பரிசோதனை எண்களை ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்களே, அந்த ஆர்வம் அவர் குரலில் இருந்தது. எவ்வளவு தென்னை நின்றது, எவ்வளவு மிச்சம் என்று கையை நீட்டிக் காட்டினார். நட்ட ஈடு வந்ததா என்று மதுரைக்காரன் கேட்டதற்கு, வந்தது, வந்த வழியே போய்விட்டது என்றார். பிறகு இயல்பாகத் திருப்பூர்க்காரன் பக்கம் திரும்பி, உங்களுக்கு எந்த ஊர், உங்கள் ஐயன் என்ன தொழில் என்றார். ஊரில் யார் வந்தாலும் கேட்கிற கேள்விதான். இவன் ஒளிக்கவில்லை. சாயப்பட்டறை வைத்திருந்தார், ஆற்றோரமாகத்தான், பதினொன்றில் மூடிவிட்டோம் என்றான்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் கிடந்த இளநீர்க் குலையிலிருந்து ஒன்றை எடுத்து, அரிவாளால் மூன்று வெட்டு வெட்டி, அவனிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்படியானால் இத்தனை வருடமாக உங்கள் வீட்டுத் தண்ணீரைத்தானுங்களே தம்பி, நாங்கள் தோப்புக்குப் பாய்ச்சியிருக்கிறோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். இளநீரை முழுவதும் குடித்தான். கரிக்கவில்லை என்று பிறகு சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

காரில் நடந்த வழக்கு

காங்கேயம் பாதைக்கு வரும்வரை யாரும் பேசவில்லை. இருபுறமும் கொரங்காடுகள், வேலியடைத்த மேய்ச்சல் நிலங்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் மயிலைப் பசுக்கள் நின்றன. வறட்சியை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அதற்கேற்ற புல்லையும் மரத்தையும் மாட்டையும் வைத்துக்கொண்ட நிலம். நொய்யல்காரன் ஊரிலேயே தங்கிவிட்டதால் காரில் நாங்கள் நால்வர்தான். சிவன்மலை கண்ணில் பட்டதும் மதுரைக்காரன், கனவில் முருகன் சொல்கிற பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கோயில் இதுதானே என்று கேட்டான். ஆமாம் என்றேன். யாராவது நொய்யல் தண்ணீரைக் கனவில் கண்டால் தேவலை என்றான் திருப்பூர்க்காரன். அதோடு வழக்கு தொடங்கியது.

சென்னைக்காரன் கட்சி இது: பெரியவர் குத்திக்காட்டினார், சாப்பிட்ட வீட்டில் விருந்தாளியை அப்படிப் பேசியது சரியில்லை. மதுரைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உறவு சொன்னார், பழி சொல்லவில்லை. ஒரே தண்ணீரைத் தொட்டுப் பிழைத்தவர்கள் நாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார், இல்லாவிட்டால் இளநீர் ஏன் வெட்டுகிறார் என்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள், உள்ளூர்க்காரன் என்பதால். எங்கள் பக்கத்தில் சண்டையிலும் மரியாதை குறையாது என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவதுண்டு. உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், கோபம் ஏற ஏறத்தான் மரியாதையும் ஏறும். வரப்புத் தகராறில் கடப்பாரையோடு நிற்கிறவர்கூட எதிராளியை வாருங்கள் என்றுதான் கூப்பிடுவார். ஆக, மரியாதையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இளநீரை வைத்தும் முடியாது. வீட்டுக்கு வந்தவனுக்கு, அவன் யாராக இருந்தாலும், வெட்டித்தான் கொடுப்பார்கள்.

திருப்பூர்க்காரன் தன் கட்சியைக் கடைசியில்தான் சொன்னான். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் தனக்குச் சம்மதம் என்றான். பிறகு கோபமாக, சாயத்தை மட்டும் ஏன் எல்லோரும் பிடித்துக்கொள்கிறீர்கள், இந்த ஆற்றில் விழுகிற ஊர்ச் சாக்கடையை யார் கணக்கில் சேர்ப்பது என்றான். குறைந்த விலைக்குத் துணி வாங்கிக்கொண்டு போன வெளிநாட்டுக்காரன் ஒரு ரூபாயாவது சுத்திகரிப்புக்குக் கொடுத்தானா என்றான். அப்பா தன் கடைசிக் காலம்வரை அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது எந்தப் பக்கமும் பார்க்க மாட்டார் என்றான். இவ்வளவு வருடத்தில் இதை அவன் எங்களிடம் சொன்னதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தப் பேச்சு முதல் நாளில் நடந்திருக்க முடியாது. கொடிவேரியில் யாராவது இதை எடுத்திருந்தால், மறுநாள் காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை தின்ன வேண்டுமே என்ற பயம் எல்லோர் வாயையும் கட்டியிருக்கும். பயணம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பேசாமல் விடுகிறவை எத்தனையோ. கடைசி நாளில் கெடுவதற்குப் பயணமே மிச்சமில்லை. இரவு ரயில் நிச்சயமாக வரும், ஆளுக்கொரு திசையில் கூட்டிக்கொண்டு போகும் என்ற தைரியத்தில்தான் அவன் மீட்டரைக் கையில் எடுத்தான் என்று நினைக்கிறேன். பெரியவருக்கும் தெரியும், இவர்கள் சாயங்காலம் போய்விடுவார்கள் என்று. நட்பைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் விடுதியில் காத்த மௌனத்தின் மேல் எனக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. அது நாகரிகம் என்று நினைத்திருந்தேன். வெறும் வசதி.

காதர்பேட்டையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ துக்க வீட்டுக் கதை எழுதுகிறேன் என்று தோன்றும். சென்னைக்காரனும் மதுரைக்காரனும் பை பையாக வாங்கினார்கள். தோட்டத்து வேலையை முடித்துவிட்டு வழியனுப்புவதற்காக பஸ் ஏறி வந்த நொய்யல்காரன் அவர்களைவிட அதிகமாக வாங்கினான். மகளுக்கு, மனைவிக்கு, ஐயனுக்குக் கைவைத்த பனியன். திருப்பூர்க்காரன் அவனுக்காகப் பேரம் பேசினான். ஒவ்வொரு உருப்படியையும் திருப்பித் தையலைப் பார்த்தான், கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தான், ஒட்டியதை ஒதுக்கினான். கடைக்காரர் நீங்கள் தொழிலில் இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, இருக்கிறேன் என்றான். இருவருக்கும் நடுவில் மதியத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விலைதான் பேசினார்கள். பேச வேண்டியதைப் பேசியாயிற்று என்பதாலா, பழையபடி பேசாமல் விடுவது என்று முடிவெடுத்ததாலா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து நொய்யல்காரனிடமே கேட்டுவிட்டேன், உன் ஐயன் அன்று என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று. அவருக்கு அப்படிச் சொன்னதே ஞாபகமில்லையாம். ஆனால் மீட்டர் ஞாபகம் இருக்கிறது. அது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று மகனைத் துளைத்தெடுத்திருக்கிறார். சேதி போனதும் திருப்பூர்க்காரன் புதிதாக ஒன்றை வாங்கி, உபரி பேட்டரியோடு கூரியரில் அனுப்பிவிட்டான். இப்போது பெரியவர் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் குறித்துவருகிறார். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். தன் கிணற்றின் எண்ணை ஊரெல்லாம் சொல்லிவிட்டால் நிலத்தை எவன் விலைக்குக் கேட்பான் என்று.